ஃபெண்டரா, கிப்சனா? தீர்ப்பு யார் கையில்?

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் ஒரு திருமண விருந்து, மேடையில் ஓர் இசைக்குழு என்று வைத்துக்கொள்வோம். பாட்டு தொடங்குமுன்னே இளைஞர்களின் கண் கித்தாரின் தலைப்பகுதிக்குத்தான் போகும். அங்கே என்ன பெயர்? ஃபெண்டர் என்றால் ஒரு மரியாதை. கிப்சன் என்றால் இன்னொரு மரியாதை. இரண்டும் இல்லையென்றால் ஓர் ஏளனப் பார்வை. அந்தப் பார்வைக்கு அஞ்சி, பெற்றோரின் பல மாதச் சேமிப்பைக் கேட்டு நிற்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு பெயருக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம்.

முதல் கட்சி ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது! 1950-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த கித்தார்தான் மறு ஆண்டு 'டெலிகாஸ்டர்' என்று பெயர் பெற்றது. 1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' வந்தது. உடலும் கழுத்தும் தனித்தனி, திருகாணியால் இணைப்பு. பழுதானால் கழற்றி மாற்றலாம். மெக்கானிக்கின் மூளை அது.

எதிர்க் கட்சி கிப்சன். மாண்டலின் செய்த ஆர்வில் கிப்சனின் பெயரில் 1902-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூவில் தொடங்கிய நிறுவனம். ஃபெண்டரின் வெற்றியைப் பார்த்து, 1952-இல் இசைக்கலைஞர் லெஸ் பாலின் பெயரில் ஒரு கித்தாரை வெளியிட்டது. மஹோகனி மரத்தின் மேல் மேப்பிள் பலகை. கழுத்தைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தச்சரின் கை அது.

ஓசை எப்படி? கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளுக்குப் 'பிக்கப்' என்று பெயர். ஃபெண்டரில் ஒற்றைச் சுருள். மணி போன்ற கணீர் ஒலி. கூடவே சற்று இரைச்சலும் வரும். கிப்சனுக்காக சேத் லவர் என்ற பொறியாளர் 1955-இல் இரட்டைச் சுருளை வடிவமைத்தார். அது இரைச்சலை அடக்கி, கனத்த, நீண்டு நிற்கும் ஒலியைத் தந்தது. ஃபெண்டரின் கம்பி நீளம் பொதுவாக 25.5 அங்குலம், கிப்சனில் சுமார் 24.75. அதனால் கிப்சனில் கம்பி விரலுக்குச் சற்று இளகிக் கொடுக்கும்.

நம் பக்கத்துக்கு இந்த மோகம் எப்போது வந்தது? 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினர். ஷேடோஸின் ஹேங்க் மார்வின் கையில் ஒலித்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். அந்த ஓசையில் மயங்கி இங்கும் கித்தார் குழுக்கள் முளைத்தன. 'குகிரான்' என்ற சொல்லும், 'பாப் யே யே' இசையும் அந்தக் காலத்தின் பிள்ளைகள்.

இனிதான் முக்கிய சாட்சி. இன்று கோடீசுவரர்கள் தேடி வாங்கும் 1958 முதல் 1960 வரையிலான லெஸ் பால் கித்தார்கள், அன்று சரியாக விற்கவில்லை. கிப்சனே அந்த வடிவத்தைக் கைவிட்டது! 1966-இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் அதை முழங்க வைத்தார். கேட்டவர்கள் தேடத் தொடங்கினர். 1968-இல் கிப்சன் மீண்டும் தயாரித்தது. அதே கிளாப்டன் 1970-க்குள் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறிவிட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1970-களில் ஜப்பானின் ஐபனெஸ் கித்தார்கள் அசலுக்கு நெருங்கி வந்ததால், 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனம் வழக்கே தொடுத்தது.

ஆக, பெயர் கித்தாரை உயர்த்தவில்லை. வாசித்த விரல்களே பெயரை உயர்த்தின.

தீர்ப்பு இதுதான். கணீர் ஒலி பிடித்தால் ஒற்றைச் சுருள், கனத்த ஒலி பிடித்தால் இரட்டைச் சுருள். இரண்டும் இன்று இந்தோனேசியத் தயாரிப்புகளில் கட்டுப்படியாகும் விலையிலேயே கிடைக்கின்றன. கடையில் பெயரைப் பார்க்குமுன் கழுத்து நேராக இருக்கிறதா, ஒவ்வொரு கட்டையிலும் சுருதி சுத்தமா என்று பார்க்க வேண்டும். தேயிலைக்கு இதமான மலையின் ஈரக்காற்று கித்தாருக்குப் பகை. கம்பி துருப்பிடிக்கும், மரம் வளையும். வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டியில் வைப்பவரிடம் சாதாரணக் கித்தாரும் நெடுநாள் பாடும். மூலையில் கிடந்தால் கிப்சனும் விறகுதான்.