ஆரோலேப்

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் 1992-இல் தொடங்கிய கண் மருத்துவப் பொருள் தயாரிப்பு நிறுவனம். மருத்துவக் கருவி உருவாக்கத் திட்டத்தை எப்படி நடத்தவேண்டும் என்பதற்குத் தமிழகத்தின் சிறந்த சான்று இதுவே. கண்புரை அறுவையில் பொருத்தும் உள்விழி லென்ஸ் அப்போது இறக்குமதிப் பொருள். விலை 100 டாலரை ஒட்டியது. அதனால் ஏழைகள் பலருக்கு லென்ஸுக்குப் பதில் தடித்த கண்ணாடிதான் கிடைத்தது. அரவிந்த் நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமியின் குழு, சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீனின் துணையோடு அமெரிக்கத் தொழில்நுட்பத்தைப் பெற்றது. நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையை முதலில் முடிவுசெய்து, செலவை அதற்குள் அடக்கினார்கள். லென்ஸ் சுமார் 10 டாலருக்கு வந்தது, பிறகு இன்னும் குறைந்தது. லென்ஸைப் பொருத்தும் மருத்துவர்கள் ஒரே குழுமத்தில் இருந்ததால், குறைகள் உடனுக்குடன் தயாரிப்புக்கூடத்தை எட்டின. எந்தத் திட்ட அட்டவணையும் தரமுடியாத பலம் இது. மலிவென்றால் மட்டம் என்ற ஐயத்தை ஐரோப்பிய சி.இ. தரச்சான்று தீர்த்தது. அறுவைத் தையல் நூல், கண் சொட்டுமருந்து ஆகியவையும் பின்னர் சேர்ந்தன.