மறையூர் மலையில் குடிக்கூலி வீடு

வேற்றூரில் வந்து இறங்கிய நம்மவர் முதலில் தேடுவது வேலையன்று, வீடு. வேலையை நம்பித்தானே வருகின்றோம்? வருவாய்க்கு ஏற்ற குடிக்கூலியில் ஓர் இருப்பிடம் அமைவதுதான் அரிது. ஊர் சிறிதாயின் அருமை இன்னும் மிகும். இத்தொல்லையின் வரலாற்றை அறிய விழையும் சங்கத்து அன்பர்கள் மூணாறு, மறையூர் மலைகளைச் சற்று நோக்குவாராக.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி என்னும் ஐந்து ஊர்களைக் கொண்டது அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து பெயர்ந்து வந்தோர் இங்குக் குடியேறினர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அவர்களுக்கும் நெடுங்காலம் முற்பட்ட கல்லறைகள் மறையூர்ப் பாறைகளின்மீது இன்றும் நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல். மக்கள் அவற்றை முனிவர் வாழ்ந்த 'முனியறை' என்பர். ஆய்வாளரோ பெருங்கற்காலத்து ஈமச் சின்னம் என்பர். இறந்தோர்க்கு அத்துணை உறுதியான வீடு வாய்த்த மலையில் இருப்போர்க்கு வாய்த்தது யாது?

1877-ஆம் ஆண்டு பூஞ்சாற்றுத் தலைவர் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு விட்டார். பரப்பு ஏறத்தாழ 1,37,000 ஏக்கர். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி தோன்றியது. காடு தேயிலைத் தோட்டமாயிற்று. கங்காணிமார் தமிழ்நாட்டுச் சீமையிலிருந்து ஆட்களைத் திரட்டி மலையேற்றினர். மழையிலும் குளிரிலும் அவர்கள் ஒதுங்குவதற்கு எழுந்தவையே லயங்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல வீடுகள். ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு சிறு திண்ணை. அதனுள் பெற்றோரும் மக்களும் மருமக்களும்.

இங்கொன்று கருதத்தக்கது. நிலம் முழுதும் ஒரு கம்பெனியின் கையில் இருந்தமையால், அங்கே வீட்டை வாடகைக்கு விடுவாரும் இலர், எடுப்பாரும் இலர். வேலையே வாடகை. கொழுந்து கிள்ளும் கை ஓய்ந்தால் கூரையும் போயிற்று. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடமைத்துத் தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான். ஆயினும் அது பணியிலிருக்கும் தொழிலாளிக்கே வீடளித்தது. பணி ஓய்ந்த முதியோரை அது நினைக்கவில்லை. எனவே, குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்தில் தொடர்ந்து உழைத்தாக வேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. படித்த மகளும் கூடையைத் தோளிலிட்டது பல இல்லங்களில் விருப்பத்தால் அன்று. தாய் தந்தையர்க்குக் கூரை வேண்டி.

1971-இல் கேரள அரசு தனிச்சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டது. உச்ச நீதிமன்றம் 1972-இல் அதனை ஏற்றது. எனினும் தேயிலைக்கும் அதன் துணைத் தேவைகளுக்குமாக 57,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கம்பெனியிடமே விடப்பட்டது. லயத்தில் இருந்தோர் லயத்திலேயே இருந்தனர்.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் திரண்டெழுந்தனர். அந்நாளில் அவர்தம் நாட்கூலி 232 ரூபாய், கேட்டது 500. தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே தெருவில் அமர்ந்தனர். 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளில் 'பெம்பிளை ஒருமை' என அவ்வெழுச்சி பெயர் பெற்றது. 20 விழுக்காடு போனசுக்கான அப்போரில், ஒழுகும் லயங்களைப் பற்றிய குறையும் ஒலித்தது. கேட்ட கூலி முழுதும் கிட்டவில்லை; 301 ரூபாயே கிட்டியது. அக்கூலியில் சேமித்து வெளியூரில் ஒரு வீடு அமர்த்துவது எங்ஙனம் என்பதை வாடகை கொடுத்து வாழும் நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு. பெருமழையில் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. நான்கு வரிசை லயங்கள் மண்ணில் புதைந்தன. மாண்டோர் 70 பேர். அவருள் நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழ்நாட்டில் வேர்கொண்ட குடும்பத்தினர். வீடு இடிந்து தொழிலாளி மாண்டால் முதலாளி ஈடுதர வேண்டும் என்னும் விதி 1981-இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆயின் இயற்கைச் சீற்றத்தால் இடிந்ததற்கு அவ்விதி பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருந்தனர்! மலைச்சரிவில் லயத்தைக் கட்டியதும் இயற்கைதானோ?

உயிர் தப்பியோருள் 8 குடும்பங்களுக்குக் குட்டியார்ப் பள்ளத்தாக்கில் அரசு இடம் தந்தது. கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. 2021-இல் அவர்கள் அங்குக் குடிபுகுந்தனர். வேலையோடு பிணைக்கப்படாத வீடு அவர்க்கு வாய்த்த வழி இது.

மற்றையோர்க்கு எஞ்சியிருப்பது, மலையிறங்கித் தேடுவது. மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் 40 கிலோமீட்டர் அளவில் மறையூர் வருகின்றது. மழை குறைந்த ஊர், கரும்பும் சந்தனமும் விளைவது, பேச்சும் தமிழ். ஓய்வு பெற்றவர்க்கு ஏற்ற இடமே. ஆனால் சுற்றுலாப் பயணி ஓரிரவுக்குத் தரும் பணத்தைக் கண்ட அறைக்கு, மாத வாடகை தரும் கிழவர் உவப்பானவர் ஆவாரா? சந்தனக் காட்டுக்கும் கரும்பு வயலுக்கும் இடைப்பட்ட சிற்றூரில் மனையும் குறைவே. ஆகவே பலர் மறையூரையும் கடந்து, சின்னாற்றுச் சோதனைச் சாவடிக்கு அப்பால், பாட்டன் புறப்பட்ட சமவெளியிலேயே வீடு கேட்கின்றனர்.