சடங்கன்பாடித் துறை

திருக்கடவூருக்குச் செல்லும் அன்பர்கள் பலரும் அமுதகடேசரையும் அபிராமி அம்மையையும் வழிபட்டவுடனே ஊர் திரும்பிவிடுகின்றனர். அன்று ஒரு பகற்பொழுதை ஒதுக்கி, தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்கும் சென்று வருமாறு வேண்டுகிறேன். விரைந்து பார்த்துவிட்டு வரும் ஊரன்று அது.

தரங்கம் என்றால் அலை. ஆகவே அலைகள் பாடும் ஊர் என்று பொருள் சொல்வார்கள். கேட்க இனிமைதான். ஆனால் கடலோரத்து மாசிலாமணிநாதர் திருக்கோயிற் கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. பாடி என்பது குடியிருப்பு. பட்டினம் என்பது கடற்றுறை நகரம். ஒரு சிற்றூர் வாணிகத் துறையாக வளர்ந்த வரலாறு இவ்விரு பெயர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. 1268-இல் முடிசூடிய மாறவர்மன் குலசேகர பாண்டியன், தனது 37-ஆம் ஆட்சியாண்டில் இக்கோயிலுக்கு நிலம் வழங்கினான். அலைவாய்க் கரையில் இறைவனுக்கு ஆலயம் எடுத்தவர்கள், மரக்கலத்தில் பொருளையும் உயிரையும் ஏற்றி அனுப்பியவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

டென்மார்க்கு நாட்டார் மிளகு நாடி வந்தது அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்து. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இடம் அளித்தார். பொன் ஓலையில் தமிழில் மடலும் எழுதி அந்நாட்டு மன்னனுக்கு விடுத்தார். கோட்டை எழுந்தது. ஆயினும் கப்பல்கள் கரையை அணுக இயலவில்லை. ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. நம் கடலோடிகளே சிறு படகுகளில் அலையைக் கடந்து சரக்கை இறக்கி ஏற்றினர். கோட்டையைப் புகழ்வோர் அக்கைகளை நினைப்பதில்லை.

1706-இல் வந்த சீகன்பால்கு பாதிரியார், சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். நம் நூல்களையும் தேடித் தேடித் தொகுத்தார். அவர் கொள்கை வேறு, நம் நெறி வேறு. அந்த உழைப்பை மட்டும் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. வாணிகம் நாகப்பட்டினத்திற்குப் போயிற்று. 1926-இல் மாயூரத்திலிருந்து இட்ட இருப்புப்பாதையும் 1986-இல் மூடப்பட்டது. இன்று மேற்கே பழைய நகரவாயிலில் நுழைந்து இராஜ வீதி வழியே நடந்தால், ஆரவாரமின்றிக் கடலையே சென்று சேரலாம்.

அங்கே கோட்டையைக் காண்பவர் கூட்டமாக நிற்பர். சற்று வடக்கே கோயிலைப் பாருங்கள். பழைய திருக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கல்வெட்டுத் துறையினர் முன்னரே படியெடுத்தமையால் அச்சாசனத்தின் செய்தி நமக்குக் கிடைத்தது. திருக்கடவூருக்கென வாங்கும் நல்லெண்ணெயிலும் திரியிலும் ஒரு பங்கை மாசிலாமணிநாதருக்கென்று தனியே எடுத்து வையுங்கள். போகும்போது மறவாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.