நீர்விலங்கின் பெயர் தாங்கிய அரசன்

தெஸ்கோக்கோ ஏரியின் நடுவே, தீவொன்றில் எழுந்து நின்ற தெனோச்தித்லான் மாநகரை 1486 முதல் 1502 வரை ஆண்ட அவிட்சோத்ல் என்னும் அஸ்டெக் மன்னனுக்கு, ஆழ்நீரில் பதுங்கியிருந்து, வால் நுனியிலுள்ள கையால் மனிதரைப் பற்றி உள்ளே இழுத்துவிடும் என்று அந்நாட்டார் அஞ்சிய ஒரு விசித்திரப் பிராணியின் பெயர் வாய்த்திருந்தது.

அவனுக்குமுன் ஆண்ட சகோதரன் தீசோக் யுத்தத்தில் மந்தமானவன் என்று பெயரெடுத்தவன். இவனோ தெற்கே பசிபிக் கரையோரம் சோக்கோநோச்கோ வரை திக்விஜயம் செய்து, கொக்கோ விதையும் கெத்சால் பறவையின் பச்சை இறகும் திறையாக வந்து குவியச் செய்தான். 1487-இல் பெருங்கோயிலின் திருப்பணி முடிந்த விழாவில் 80,400 பேர் நரபலியானதாகச் சொல்லும் பழைய கணக்கை, நான்கு நாளில் அத்தனை உயிர்களைப் பலியிடுவது எங்ஙனம் என்று யோசிக்கும் எவரும் ஏற்கத் தயங்குவர். பலி ஏராளமாக நடந்தது என்பதை மட்டும் மறுப்பதற்கில்லை.

சுற்றிலும் ஜலம் இருந்தும் அது உவர்நீரானதால், சப்புல்தெபெக் குன்றின் ஊற்றுநீரைக் கால்வாய் வழியே பருகிவந்த நகரம், ஜனத்தொகை பெருகவே, கொயோவாக்கான் ஊற்றுகளின்மேல் கண் வைத்தது. அவை சமயங்களில் கட்டுமீறிப் பொங்கும், நகரை மூழ்கடிக்கும் என்று அவ்வூர்ச் சிற்றரசன் விநயமாக எச்சரித்தான். 'பேசுகிறவன்' என்று பொருள்படும் 'த்லாதோவானி' பட்டத்தைத் தாங்கிய மன்னன் அதைக் கேட்கவில்லை. கேளாததோடு நில்லாமல், சொன்னவனைக் கொல்வித்தும் விட்டான். புதுக் கால்வாயில் நீர் வந்தபோது பூசாரிகள் தூபமிட்டு, காடைகளைப் பலியிட்டு அதனை எதிர்கொண்டார்கள். சில நாளில் ஏரி ஏறிற்று, மிதப்பவை போல் தோன்றும் சினாம்பா வயல்களில் மக்காச்சோளம் அழுகிற்று, வீடிழந்தவர்கள் ஓடமேறினார்கள். முடிவில், தெஸ்கோக்கோ மன்னன் நெசவால்பில்லியின் ஆலோசனைப்படி, அவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை உடைத்தே பிரவாகத்தை நிறுத்த நேர்ந்தது.

அவிட்சோத்ல் வெள்ளத்துக்குத் தப்பி ஓடுகையில் வாயில் நிலையில் தலை மோதி, அந்தக் காயத்தாலேயே பிற்பாடு மாண்டான் என்பது ஒரு வரலாறு. படையெடுப்பில் பற்றிய நோயே காரணம் என்பது மற்றொன்று.

இத்தனை உக்கிரமானவனுக்குக் கருங்குருவியொன்றின்மேல் வாஞ்சை! வளைகுடாக் கரைப் பிரதேசத்திலிருந்து நீண்ட வாலுள்ள அப்பறவைகளை வரவழைத்து, யாரும் கல்லெறியலாகாது என்று கட்டளையிட்டு வளர்த்தானாம். ஏரி பெரும்பாலும் வற்றிவிட்ட இன்றும், தெனோச்தித்லான் இருந்த இடத்திலுள்ள மெக்சிகோ நகரத்து மரங்களில் மாலைதோறும் அவை கூடிக் கூச்சலிடுகின்றன.