கொள்ளுப்பிட்டி இல்லங்களின் இசைக் களஞ்சியம்

இலங்கை வானொலியின் சரித்திரத்தை எழுதுவோர் 1920களின் முற்பகுதியில் நடந்த ஒரு பரீட்சையிலிருந்து தொடங்குவது வழக்கம். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலே, யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு அமைத்ததாகச் சொல்லப்படும் ஒலிபரப்பியின் முன்னே, கிராமபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டு, அதன் சங்கீதத்தைக் காற்றில் அனுப்பினார். ஓரிடத்தில் சேமித்துவைத்த பாட்டை வேறோரிடத்தில் அமர்ந்து கேட்கும் ஏற்பாடு, ஆதலால், இந்நகரத்துக்கு நூறாண்டுப் பழைமையுடையது. இன்று கொழும்பின் கொள்ளுப்பிட்டிப் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில், வன்தட்டுகள் பொருத்திய சேமிப்புப் பெட்டியொன்றை அலமாரியில் வைத்து, அதிலுள்ள பாடல்களையும் படங்களையும் கூடத்துத் தொலைக்காட்சிக்கு வரவழைக்க எந்தக் கருவி ஏற்றது என்று ஆலோசிக்கும் குடும்பம் அந்த மரபின் வாரிசே ஆகும்.

1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்துக்காக இயங்கிய ‘ரேடியோ சியாக்’ நிலையமும், அதன் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பியும் 1949இல் இலங்கை அரசாங்கத்தின் வசமாயின. அடுத்த ஆண்டே இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. கொள்ளுப்பிட்டியிலிருந்து அதிக தூரமில்லாத டொரிங்டன் சதுக்கத்தில் இருந்த அந்நிலையத்துக்குப் பாரத தேசம் முழுவதிலும் ரசிகர்கள் உண்டாவதற்கு ஒரு விசேஷ காரணமும் வாய்த்தது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்படப் பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிவைக்க, பாட்டுக்கு ஏங்கிய இல்லங்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பின. 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றும் வரையிலும், அதன் பின்னரும்கூட, கொழும்பு நிலையத்தின் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்து வீடுகளில் உறவினர் குரல்போல் பழகியிருந்தது.

அந்தப் புகழுக்கு அறிவிப்பாளரின் நாவன்மை ஒரு பாதியென்றால், நிலையத்தின் இசைத்தட்டு நூலகம் மறுபாதி என்று துணிந்து கூறலாம். கேட்டவுடன் பாட்டு ஒலிபரப்பாக வேண்டுமானால் தட்டு கைவசம் இருந்தால் மட்டும் போதாது. இன்ன படம், இன்ன பாடகர், இன்ன அடுக்கு என்று குறித்துவைத்த அட்டவணையும், அதைச் சிதையாமல் பேணும் நூலகரும் இருத்தல் அவசியம். களஞ்சியத்தின் உயிர் அதன் ஒழுங்கில் இருக்கிறது என்ற பாடத்தை முதலில் கற்பித்தது அந்த அரச ஸ்தாபனமேயாகும்.

வசதியுள்ள வீடுகளில் ரேடியோகிராம் பெட்டி கூடத்தின் அலங்காரமாக நின்ற காலத்துக்குப் பிறகு, 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாக் கசெட், பாட்டைச் சேமிக்கும் சுதந்திரத்தைச் சாமானியருக்கும் வழங்கிற்று. 1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், ஜப்பானியக் கருவிகள் கடைகளை நிறைத்தன. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியோர் வானொலியும் கசெட்டும் இணைந்த டூ-இன்-வன் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். வானொலியில் பிடித்த பாட்டு வரும்போது விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்து பதிவதும், விரும்பிய பாடல்களின் பட்டியலைக் கடையில் கொடுத்துக் கசெட்டில் பதிந்து பெறுவதும் அக்கால வழக்கமாயின. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாஹினியும் தோன்றியபின் வீடியோ கசெட்டும் வந்து சேர்ந்தது. ஆனால் கடற்கரையோரக் கொழும்பின் ஈரக்காற்று நாடாக்களுக்குச் சத்துரு. பூஞ்சணம் படிந்த நாடாவைக் கருவி ஏற்க மறுத்தது.

ஈரத்தினும் கொடிய சத்துரு நெருப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான துயரம் ஆறுமுன்னே, 1983 ஜூலையில் கொழும்பின் தமிழர் இல்லங்கள் தீக்கிரையாயின. உயிரையும் மானத்தையும் காத்துக்கொள்ள ஓடியோர், தலைமுறைகளாகச் சேர்த்த புத்தகங்களையும் படங்களையும் ஒலிநாடாக்களையும் கையில் எடுத்துச்செல்ல முடியுமா? ஒரே பிரதியாக ஓரிடத்தில் இருப்பது எத்துணை அரியதாயினும் அநித்தியமே என்பதை இந்தச் சமூகம் மிகப் பெரிய விலை கொடுத்து அறிந்தது. 2005இல் ஆரம்பமான நூலகம் என்னும் எண்ணிம ஆவணத் திட்டம், ஈழத்தமிழரின் எழுத்துகளைப் படியெடுத்து யாவரும் எங்கிருந்தும் படிக்குமாறு இணையத்தில் வைத்தது அந்த அறிவின் நற்பலன் எனலாம்.

வீட்டுச் சேமிப்பகத்தின் பாடல்களையும் படங்களையும் இயக்கும் கருவியைத் தெரிவுசெய்யும் பிரச்சினையை இந்தப் பின்னணியில் நோக்கினால், கடைக்காரர் காட்டும் பளபளப்பைக் கடந்து அதன் உண்மை புலப்படும். கருவிகளும் அவற்றில் இயங்கும் மென்பொருள்களும் பலவுண்டு. 1996இல் பாரிஸ் மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய வீஎல்சி ஏறக்குறைய எல்லாக் கோப்பு வகைகளையும் தானே திறக்கும். 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக உருவாகி, 2014இல் கோடி எனப் பெயர் மாறிய மென்பொருள், சிறு கணினியொன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்துச் சேமிப்பகத்தைத் திரையிலேயே அடுக்கிக் காட்டும். எம்பி என்னும் மென்பொருளின் மூலநிரல் மூடப்பட்டபோது அதிலிருந்து 2018இல் கிளைத்த ஜெல்லிஃபின், படங்களையும் பாடல்களையும் ஒரு நூலகரைப்போல் வகைப்படுத்தி, தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் வழங்கும். கோப்பின் வகையை இயக்கும் கருவி நேரே புரிந்துகொண்டால் சேமிப்பகம் வெறுமனே அனுப்பினால் போதும். புரியாவிடின் சேமிப்பகமே உடனுக்குடன் வேறு வகையாக மாற்றித் தரவேண்டியிருக்கும், அதற்கு வலிமையான செயலி அவசியமாகும். எனவே பலவகைக் கோப்புகளை நேரே திறக்கும் கருவியை வாங்குவது, சேமிப்பகத்துக்குப் பெருஞ்செலவு செய்வதினும் விவேகமானது. தமிழர் இல்லத்துக்கு இன்னுமொரு பரீட்சை உண்டு: பாடலின் பெயரையும் படத்தின் வசனவரியையும் தமிழெழுத்துகள் சிதையாமல் காட்டுகிறதா என்பது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல்கள் அவ்வெழுத்துரு இல்லாத திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றுமாதலால், அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவைத்தல் நூலகருக்குரிய தர்மம்.

கிராமபோன், ரேடியோகிராம், கசெட், வீடியோ என ஒவ்வொன்றும் தன் காலத்தில் சாசுவதமானதாகத் தோன்றி, பின்னர் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் அரிதாகி மறைந்ததை இந்நகரம் கண்டிருக்கிறது. இன்று வாங்கும் கருவிக்கும் அந்த விதியே காத்திருக்கிறது. ஆதலால் கருவியைத் தெரிவுசெய்பவர் முதலில் கேட்கவேண்டியது, அது மறைந்த பின்னும் நம் பாடல்கள் வேறொன்றில் திறக்குமா என்பதே. எவரும் வாசிக்கத்தக்க பொது வடிவங்களில் கோப்புகளை வைத்து, தெளிவான தமிழ்ப் பெயர்களால் அட்டவணைப்படுத்தி, கொள்ளுப்பிட்டியில் ஒரு பிரதியும் வேறூரில் அல்லது கடல்கடந்த உறவினர் வீட்டில் இன்னொரு பிரதியுமாகப் பேணுகின்ற குடும்பம், எந்தக் கருவியை வாங்கினாலும் நட்டமடையாது. அவ்வாறு பேணாத குடும்பத்துக்கோ, உலகத்தின் மிகச் சிறந்த கருவியும் கடைசியில் வெறும் திரையே.