கடைக்கும் நூலகத்துக்கும் இடையே ஒரு வரி

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்று இவை. விதிகள் எளியவை, நடைமுறைதான் கடினம். எங்கள் கல்லூரி நூலகத்தில் புதுவரவுகளின் மேலட்டைகளைக் கண்ணாடிப் பலகையில் குத்திவைப்பார்கள். அவ்வழியே நடப்பவருக்கு மட்டுமே செய்தி தெரியும்.

இந்த இடைவெளியை 2002 டிசம்பரில் ஒருவர் தம் கைப்பக்குவத்தால் கடந்தார். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கீன் நகரில் வாழ்ந்த ஜான் உடெல், கணினித்துறை இதழாளர்; நூலகர் அல்லர். அமேசானில் ஒரு நூலைப் பார்க்கும்போதே, அது தம் ஊர்ப் பொது நூலகத்தில் இருக்கிறதா என்று அறிய விரும்பினார். அதற்காக உலாவியின் புத்தகக்குறிப் பட்டையில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றைச் சேமித்துவைத்தார். கடைப் பக்கத்தின் முகவரியிலிருந்து நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பிரித்தெடுத்து, நூலக அட்டவணையின் தேடல் முகவரியோடு ஒட்டுவதே அதன் வேலை. ஒரே சொடுக்கில் விடை வந்தது. ஒரே அட்டவணை மென்பொருளைப் பல நூலகங்கள் பயன்படுத்தியதால், முகவரியைச் சற்றே மாற்றி மற்ற ஊரார்களும் இதனைக் கையாள முடிந்தது.

இதிலுள்ள முரண் சுவையானது. 1967இல் பிரிட்டனில் ஒன்பது இலக்கங்களோடு தோன்றி, 1970இல் பத்து இலக்க அனைத்துலகத் தரமான அந்த எண், புத்தக வணிகத்தின் வசதிக்காகப் பிறந்தது. வாங்கத் தூண்டும் அதே எண், வாங்காமலே படிக்கும் வழியையும் காட்டிக்கொடுத்தது.

குறையும் அந்த எண்ணிலேயே இருந்தது. அது படைப்பைச் சுட்டுவதில்லை, பதிப்பைச் சுட்டுகிறது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், மெல்லட்டைக்கு வேறோர் எண். நூல் அலமாரியில் இருக்கும்போதே இல்லை என்ற விடை வரக்கூடும். நம் சூழலில் இக்குறை இன்னும் பெரிது. 2002இல் நாட்டுடைமையான புதுமைப்பித்தனின் கதைகளைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. அவர் காலத்து முதற்பதிப்புகளுக்கோ எண்ணே கிடையாது. எண்ணை மட்டும் நம்பித் தேடினால், இருக்கும் புதுமைப்பித்தனும் இல்லாதவராகிவிடுவார்.

ஆயினும் உடெலின் செயலில் நமக்கொரு பாடம் உண்டு. அவர் யாரிடமும் மானியம் கேட்கவில்லை. அட்டவணை இணையத்தில் இருந்தது, அதன் தேடல் முகவரி வெளியார் கைக்கு எட்டியது, அது போதுமானதாயிற்று. ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். அப்பணத்தில் வாங்கிய நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே அறிவது சலுகை அன்று, உரிமை. பட்டியலை எவரும் எட்டும்படி திறந்துவைத்தால் போதும். மிச்சத்தை ஆர்வமுள்ள வாசகர் ஒருவர் ஒரு வரியில் முடித்துவிடுவார்.