சிறுவணிகருக்குப் பிணை நின்றவர்

நம் நாட்டு வரலாற்றைக் கற்பிக்கும்போது ஈயத்தையும் இரப்பரையும் பற்றி மாணவர்க்கு நிரம்பச் சொல்கின்றோம். சுரங்கம் தோண்டிய நிறுவனங்களும் தோட்டம் திறந்த வெள்ளையர் குழுமங்களும் பாடநூலில் இடம்பெறுகின்றன. ஆனால், அதே காலத்தில் பட்டணத்து மூலையில் மசாலை அரைத்து விற்றவரும், முடிதிருத்தும் நிலையம் வைத்தவரும், சலவைத் தொழில் செய்தவரும், பூமாலை கட்டி விற்றவரும் தம் முதற்பணத்தை எங்கிருந்து பெற்றனர் என்னும் வினா வகுப்பறையில் எழுவதே இல்லை. கைப்பொருள் இல்லாதவர் கடை திறக்க வேண்டுமாயின் கடன் வேண்டும். கடன் வேண்டுமாயின் அவருக்காக ஒருவர் பிணை நிற்றல் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று தேடிச் சென்றால், மலாயாவிலும் பின்னர் மலேசியாவிலும் சிறுதொழிலுக்கு அரசு எவ்வாறு கைகொடுக்கத் தொடங்கியது என்பதும், அந்தக் கை யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பதும் விளங்கும்.

முதலில் பிணை நின்றது முகம்தான். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். பின்னர்க் கோலாலம்பூரின் லெபோ அம்பாங் போன்ற தெருக்களிலும் அவர்தம் கிட்டங்கிகள் தோன்றின. நீண்ட கூடத்தில் பெட்டியை முன்வைத்துத் தரையில் அமர்ந்து கணக்கெழுதிய முகவர், வருபவரின் சொல்லையும் நடத்தையையும் எடைபோட்டே பணம் தந்தார். வெள்ளையர் வங்கி பெருவணிகரை மட்டுமே ஏறிட்டுப் பார்த்த அந்நாளில், கடைக்காரருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் கிட்டங்கியே வங்கியாக இருந்தது. செட்டியாரை வட்டிக்காரர் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு மேற்செல்வது நேர்மையன்று. அவரைக் கொடை வள்ளலாகக் காட்டுவதும் நேர்மையன்று. முகத்தைப் பார்த்துத் தந்த கடன் சிறியது. பெருங்கடனுக்கு நிலப்பட்டா ஈடாக வேண்டும். 1929க்குப் பின் எழுந்த உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது, ஈடு வைத்த மலாய்ச் சிறுதோட்டக்காரர் பலரின் நிலம் கைமாறும் நிலை வந்தது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913லேயே இயற்றப்பட்டிருந்தது. 1933ல் அது மேலும் இறுக்கப்பட்டு, அத்தகைய நிலத்தைப் பிற இனத்தவரிடம் ஈடு வைக்கும் வழியும் அடைக்கப்பட்டது. நிலம் காப்பாற்றப்பட்டது உண்மையே. ஆயின், ஈடு போனதோடு அந்தச் சிறுதோட்டக்காரருக்குக் கிடைத்துவந்த கடனும் போயிற்று. அவ்விடத்தை யாரேனும் நிரப்ப வேண்டும் அன்றோ?

அரசு அதற்கு முன்பே ஒரு வழியைத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததை அடியொற்றி, இங்கும் 1922ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டுக் கூட்டுறவுத் துறையும் அமைந்தது. கேவண்டிஷ் என்னும் ஆங்கில அதிகாரி அதன் முதல் இயக்குநர். அவ்வாண்டு ஜூலையில் முதலாவதாகப் பதிவு பெற்றது அஞ்சல், தந்தித் துறை ஊழியரின் சிக்கன, கடன் சங்கம். 1930களில் தோட்டத் தொழிலாளரிடையேயும் இத்தகைய சங்கங்கள் பரவின. முறை எளிது. மாதச் சம்பளத்தில் ஒரு தொகை சேமிப்பாகும்; சேமித்தவர் கடன் பெறலாம்; உடன் உறுப்பினர் பிணைக் கையொப்பம் இடுவர். இங்கே பிணை நின்றது சம்பளம். எனவே, இது சம்பளக்காரருக்கு ஏற்ற முறையே அன்றி, நாளுக்கு நாள் வருமானம் ஏறி இறங்கும் கடைக்காரருக்கு ஏற்றதன்று.

இம்முறையின் வலியை நான் நூலில் படித்து மட்டும் அறிந்தவன் அல்லேன். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். உடன் வேலை செய்த ஒருவர் சிறு கடை போடுவதற்காகச் சங்கத்தில் கடன் கேட்டபோது, இவர் பிணைக் கையொப்பம் இட்டார். அந்த நண்பர் ஓராண்டிற்குள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். மிச்சக் கடன் என் தந்தையாரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்பட்டது. நான் இரண்டாம் படிவத்தில் படித்த காலம் அது; என் பேருந்துக் கட்டணத்திற்காக அம்மா கோழிமுட்டை விற்றார். அப்பா அந்த நண்பரை ஒருநாளும் பழித்ததில்லை. அம்மாதான், “இனிமே எவனுக்கும் கையெழுத்துப் போடக்கூடாது” என்று பிள்ளைகள் எங்கள் எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சங்கத்திற்கும் வங்கிக்கும் வெளியே நின்ற நம் பெண்கள் கூட்டுப் பிடித்தனர். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் அந்த முறையில் எத்தனை தையல் இயந்திரங்களும் மாவரைக்கும் இயந்திரங்களும் வீடு வந்து சேர்ந்தன என்பதை எந்த அரசு அறிக்கையும் கணக்கிட்டதில்லை. ஆயினும், கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. நம் ‘கூட்டு’ என்னும் சொல் அச்சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே ஏறி நிற்பதையும், மலாய்த் தலைப்பில் ‘குத்து’ என்று ஒலிப்பதையும் மொழியாசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம். சொல் சட்டம் ஏறியது, தடை செய்யப்படுவதற்காக!

விடுதலைக்கு முன்பே, 1950ல், கிராம, தொழில் மேம்பாட்டு வாரியமாகிய ரீடா தோன்றியது. டத்தோ ஓன் ஜாபார் அதன் முதல் தலைவர். கிராமத்து மலாய்க்காரர் சிறுதொழில் தொடங்கக் கடன் தருவது அதன் பணிகளுள் ஒன்று. ஆனால், பணத்தை மட்டும் கொடுத்தால் தொழில் நிலைக்காது என்பதை அவ்வாரியம் விரைவிலேயே கண்டுகொண்டது. 1956ல் பெட்டாலிங் ஜெயாவில் ரீடா பயிற்சி மண்டபம் திறக்கப்பட்டு, கிராம இளைஞருக்கு வணிகக் கல்வி கற்பிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டின் பூமிபுத்ரா பொருளாதார மாநாட்டிற்குப் பின், 1966ல் ரீடா மாராவாக மாறியது. அந்தப் பயிற்சி மண்டபம் 1967ல் மாரா தொழில்நுட்பக் கழகமாகவும், 1999ல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. ஒரு கடன் திட்டத்தின் ஓரத்தில் தொடங்கிய வகுப்பறை இந்நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களுள் ஒன்றாக உயர்ந்தது என்பதைக் கல்விப் பணியில் உள்ள நாம் பொறாமையின்றி நோக்குதல் வேண்டும். திட்டமிட்டு ஊன்றிய விதை அது. அக்காலத்தில் தோட்டத்துத் தமிழருக்கு அத்தகைய விதை எதுவும் ஊன்றப்படவில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால், கிராம மேம்பாடு பெரும்பாலும் தோட்டத்து வாயிலோடு நின்றுவிட்டது.

எல்லா இனத்தவருக்கும் பொதுவான கதவு 1972ல் திறந்தது. அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள், பேங்க் நெகாராவும் வணிக வங்கிகளும் பங்கேற்கக் கடன் உத்தரவாதக் கழகம் நிறுவப்பட்டது. இதன் இயக்கத்தை மாணவர் தெளிவாக அறிந்துகொள்ளல் நன்று. சிறுவணிகர் வங்கியிடம் கடன் கேட்கிறார். அவரிடம் ஈடாகத் தர நிலமோ வீடோ இல்லை. வங்கி தன் பணத்தையே கடனாகத் தருகிறது. கழகம் ஒரு கட்டணம் பெற்றுக்கொண்டு, கடன் திரும்பாவிடில் அதில் ஒரு பகுதியைத் தான் ஈடுசெய்வதாக வங்கிக்கு வாக்களிக்கிறது. ஆக, என் தந்தையார் அன்று சங்கத்தில் இட்ட கையொப்பத்தை, நாட்டின் மத்திய வங்கி ஆதரவுடன் ஒரு நிறுவனம் இடத் தொடங்கிற்று. வரலாற்றில் இது பெரிய மாற்றம். எனினும், ஓர் ஐயம் இன்றளவும் மக்களிடம் தீரவில்லை. அந்த உத்தரவாதம் வங்கியைக் காப்பதற்கே. கடன் வாங்கியவரின் பொறுப்பு அதனால் ஒரு காசும் குறைவதில்லை. ‘அரசாங்கப் பணம்தானே’ என்ற பேச்சு நம்மிடையே உலவியதற்கும், அதனால் பலரின் பெயர் கெட்டுப் பின்வந்தவர்க்குக் கதவு குறுகியதற்கும் இந்தத் தெளிவின்மையே காரணம் என்பேன்.

அந்த வாய்ப்பை நம்மவர் பயன்படுத்திக்கொள்ளத் தடையாக இருந்தவற்றுள் மற்றொன்றும் உண்டு. செட்டிநாட்டுப் பணம் இந்திய வங்கிகளாக உருப்பெற்று இங்கும் கிளை பரப்பியிருந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937ல் சிதம்பரம் செட்டியாரால் தொடங்கப்பட்டது. 1969ல் இந்திய அரசு தன் பெருவங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. அயல்நாட்டு அரசுக்கு உரிமையான வங்கி இந்நாட்டில் இயங்கலாகாது என்னும் விதி இங்கு வந்ததால், மூன்று இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் 1973ல் ஐக்கிய ஆசிய வங்கியாக ஒன்றிணைந்தன. 1990களில் அப்பெயரும் மறைந்தது. தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் முகப்புப் பலகைகள் இவ்வாறு குறைந்த அதே காலத்தில், கடன் விண்ணப்பம் மலாய்ப் பாரமாகவும் மூன்றாண்டுக் கணக்காகவும் மாறிக்கொண்டிருந்தது. முகம் அறிந்த முகவர் போனார். தாள் கேட்கும் அதிகாரி வந்தார். நம் மசாலைக் கடைக்காரரிடம் நாணயம் இருந்தது; தாள் இல்லை.

தொழிற்பயிற்சியிலும் இதே கதைதான். 1964ல் கோலாலம்பூரில் தொழிற்பயிற்சிக் கழகம் தொடங்கியது. 1993ல் மனிதவள மேம்பாட்டு நிதி வந்தபோது, அது முதலில் நோக்கியது 50 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட உற்பத்தி நிறுவனங்களையே. மூன்று பேர் வேலை செய்யும் முடிதிருத்தும் நிலையத்திற்கு அதில் இடமில்லை. அதே 1993ல் ஏற்றுமதிக்கென மெட்ரேட் அமைந்தது. 1996ல் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கெனத் தனிக் கழகம் உருவாகி 2009ல் எஸ்.எம்.இ. கார்ப் ஆயிற்று. இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. தெருமுனை வணிகரின் தலைக்கு மேலே பறந்தன என்கிறேன்.

தரையில் இறங்கி வந்தது வேறொரு முயற்சி. வங்காளதேசத்துக் கிராமின் வங்கியைப் பின்பற்றி, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் கிப்பன்சும் சுக்கோர் காசிமும் 1986ல் சிலாங்கூரில் ஒரு முன்னோட்டம் நடத்தினர். அடுத்த ஆண்டு அது அமானா இக்தியார் மலேசியாவாகப் பதிவு பெற்றது. ஏழைப் பெண்கள் ஐவர் ஒரு குழு, ஈடு இல்லை, வாரந்தோறும் கூட்டம். ஒருவருக்கு ஒருவர் பிணை. நம் பாட்டிமாரின் கூட்டுக்கும் இதற்கும் உறவு இல்லையென்று எவரும் என்னிடம் வாதிட முடியாது. 1971ல் ஒரு வடிவத்திற்குக் கதவடைத்த நாடு, 1987ல் அதன் தங்கையை வரவேற்றது. ஆயினும், நீண்டகாலம் அதன் உறுப்பினர் பெரும்பாலும் மலாய்ப் பெண்களாகவே இருந்தனர்.

1998ல் தெக்குன் அறவாரியம் நிறுவப்பட்டது. சிறுகடனை ஈடில்லாமல் தருவது அதன் நோக்கம். அதன்கீழ் 2008ல் இந்தியச் சமூகத் தொழில்முனைவருக்கென ‘ஸ்பூமி’ என்னும் தனித் திட்டம் வந்தது. 1,000 ரிங்கிட் முதல் கடன் பெறலாம். ஆண்டுக்கு 4 விழுக்காடு கட்டணம். உரிமம் பெற்ற வட்டிக்கடை, ஈடில்லாக் கடனுக்குச் சட்டப்படி 18 விழுக்காடு வரை வாங்கலாம் என்பதையும், உரிமமே இல்லாதவர் வாங்குவதற்கு வரம்பே இல்லை என்பதையும் ஒப்பிட்டால் அந்த 4இன் மதிப்பு விளங்கும். 1922இலிருந்து 2008 வரை, 86 ஆண்டுகள். நம் சிறுவணிகர் நிலமும் இன்றிச் சம்பளமும் இன்றிக் கடன் கேட்பதற்கெனத் தனிப் பாரம் ஒன்று அச்சாவதற்கு இத்தனை காலம் பிடித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என் அலுவலகம் வந்தார். வீட்டில் முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர். தனியார் ஒருவரிடம் 5,000 ரிங்கிட் கடன் கேட்டிருப்பதாகவும், “ஐயா ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்றும் சொன்னார். என் அம்மாவின் சத்தியம் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட மறுத்தேன். மறுத்த முகத்தோடு அவரை அனுப்ப மனம் வரவில்லை. ஸ்பூமி பாரத்தை எடுத்து வைத்து இரண்டு மாலைகள் அவரோடு உட்கார்ந்தேன். வணிகப் பதிவு கேட்டிருந்தது, அவரிடம் இல்லை. சொந்தப் பெயரில் பதிவதற்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான் என்றபோது, இதற்கா பத்து வருடம் பயந்தேன் என்றார். வரவு செலவுக் கணக்கும் கேட்டிருந்தது, அதுவும் இல்லை. பள்ளிக் கடையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்து, மகனையே கணக்கெழுதச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், மாவும் எண்ணெயும் காசு தவறாமல் எழுதப்பட்டிருந்தன. எரிவாயு இல்லை, அம்மாவின் கூலியும் இல்லை. “எங்கம்மாவுக்கு யாருங்க ஐயா சம்பளம் குடுக்கிறா?” என்று பையன் கேட்டான். அந்த வினாவை வைத்தே அவன் வகுப்பில் இலாப நட்டக் கணக்கு நடத்தினேன். கடன் கிடைத்தது, கட்டியும் முடித்தார்.

2024ல் அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண்களுக்கென 50 மில்லியன் ரிங்கிட்டில் ‘பெண்’ என்ற தமிழ்ப் பெயரோடு ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. செய்தி வந்த சில நாள்களில் அந்த அம்மாள் மறுபடியும் பள்ளிக்கு வந்தார். பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். கையில் பாரமும், அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகங்கள் நான்கும் இருந்தன. “இந்தத் தடவை நானே எழுதிட்டேன் ஐயா. தப்பு இருக்கான்னு மட்டும் பாருங்க” என்றார். தேதியை ஓரிடத்தில் மாற்றி எழுதியிருந்தார். வேறு பிழை இல்லை.